ஒண்ணாம் நம்பர் தொட்டி

தொட்டிய நகத்தாதீங்கம்மா, அது அங்கேயே இருக்கட்டும். மூணு பேர் சீட்டுதானே. ஜன்னலோரம் செடி, நடுவுல நான், இந்தப் பக்கம் நீங்க உக்காந்துக்கிடுங்க. கண்டக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. செடிக்கும் டிக்கெட் எடுப்பீங்களான்னு ஏற்கெனவே கேட்டுட்டாரு. எடுக்கிறேன்னு சொன்னேன். அவருக்கே ஒரு மாதிரி ஆகி அந்தப் பக்கம் போயிட்டாரு.

திருநெல்வேலிக்கா? நல்லதாப் போச்சு. நான் அதுக்கு முன்னாடியே இறங்கணும், இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். எங்க காலேஜ் வாசல்லயே ஸ்டாப்பு இருக்கு. காலேஜ் பேரு வேண்டாம். சொன்னா, "ஓ, அந்த மாநாடு நடந்த காலேஜா"ம்பீங்க. பத்துப் பதினோரு நாளா எங்க போனாலும் அதே பேச்சுதான். நான் அங்க தாவரவியல் துறைத் தலைவர். இருபத்தாறு வருஷ சர்வீஸ். இந்த இருபத்தாறு வருஷத்துல தொட்டியும் கையுமா பஸ்ல ஏறினது இன்னிக்குத்தான். கார் இருக்கும்மா, இல்லாம இல்ல. உள்ள மண்ணு கொட்டும்னு வீட்டுக்காரர் சாவியத் தரல.

நல்லது செய்யப் போய்க் கெட்ட பேரு வாங்குறதுன்னா என்னன்னு என்னப் பாத்துத் தெரிஞ்சுக்கிடுங்க.

போன வருஷம் ஒரு அறக்கட்டளையில இருந்து அறிவிப்பு வந்துச்சு. இளம் உயிரியலாளர்களுக்குக் கைகொடுக்கிற மாதிரி ஒரு மாநாடு நடத்துங்க, உதவி செய்றோம்னு. முப்பத்தஞ்சு வயசுக்குக் கீழ உள்ளவங்கதான் பேசணும். பெரியவங்க உக்காந்து கேக்கணும். கேட்டுட்டு யோசனை சொல்லணும், வழி காட்டணும். அந்த வரியப் படிச்சப்ப எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. சத்தியமாச் சொல்றேன். ஏன்னா நானும் ஒரு காலத்துல இளம் ஆய்வாளரா இருந்தவதானே. மதுரையில என்னோட முதல் கருத்தரங்கு. பாசியப் பத்திப் பேசணும்னு ஒரு மாசம் கண்ணாடி முன்னாடி நின்னு ஒத்திகை பாத்துட்டுப் போனேன். போன இடத்துல, நீ கொஞ்சம் இந்த டீ டிரேயப் புடிம்மான்னுட்டாங்க. சாயங்காலம் வரைக்கும் டீ கொடுத்தேன். பேசறதுக்கு நேரம் இல்லைன்னுட்டாங்க. நான் பாசியப் பத்தி என்ன கண்டுபுடிச்சேன்னு இன்னிய தேதி வரைக்கும் யாருக்கும் தெரியாது. வாஸ்தவத்துல எனக்கே மறந்து போச்சு.

அன்னிக்கே முடிவு பண்ணேன். நான் ஒரு நிலைமைக்கு வந்தா சின்னப் பிள்ளைகளுக்கு இந்தக் கதி வர விடமாட்டேன்னு. அதனால மாநாடு நம்ம காலேஜ்லதான், நான்தான் அமைப்புச் செயலாளர்னு அடிச்சுப் பேசி வாங்கினேன்.

மூணு மாசம் தூங்கலம்மா. உங்களுக்கு வெளியில இருந்து பாத்தா ஒரு நாள் கூத்து. உள்ள எவ்வளவு வேலைன்னு நினைக்கீங்க? வரவேற்புக் குழு, விருந்தோம்பல் குழு, மேடைக் குழு, மலர்க் குழு, எல்லாக் குழுவையும் கவனிக்க ஒரு குழு. அழைப்பிதழுக்கு மட்டும் ஒன்றரை மாசம் ஆச்சு. காலேஜோட முன்னாள் முதல்வர் பேரு இந்நாள் துணை முதல்வர் பேருக்குக் கீழ வந்துருச்சுன்னு ஒரு சண்டை. அதை மேல தூக்கினா, அதுக்கு மேல இருந்தவருக்குக் கோவம். ஒருத்தரச் சேத்தா இன்னொருத்தரயும் சேக்கணும். கடைசியில முப்பத்தேழு பேரு வந்துட்டாங்க. தலைமை, முன்னிலை, வாழ்த்துரை, சிறப்புரை, பேருரை, ஏற்புரை. இளம் ஆய்வாளர்கள் பதினாலு பேரோட பேரையும் போடணும்னு எனக்கு ஆசைதான். இடம் இருந்தாத்தானே? பின்னட்டையில, வரைபடத்துக்குக் கீழ, "மற்றும் இளம் ஆய்வாளர்கள்"னு போட்டுட்டோம். எல்லாரும் அதுல அடக்கம்.

தலைமை விருந்தினர் யாருன்னு கேக்கீங்களா? கனகசபாபதி ஐயா. எங்க காலேஜ் செயலாளருக்குச் சம்பந்தி. கல் உடைக்கிற கிரஷர் வச்சிருக்காங்க, நாலஞ்சு இடத்துல. உயிரியலுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்னு சில பேரு முணுமுணுத்தாங்க. மலைகளப் பத்தி அவருக்குத் தெரியாததா? இந்த மாவட்டத்துல அவரு காலு படாத குன்று கிடையாது. பெங்களூருல இருந்து நளினாட்சின்னு ஒரு பெரிய விஞ்ஞானியும் வந்தாங்க. அவங்க பேரையும் போட்டோம், ஆறாவது வரியில.

இனிமேதான் கதைக்கே வாரேன். எங்க துறையில ஒரு பொண்ணு ஆராய்ச்சி பண்றா. பேராச்சிசெல்வின்னு பேரு. இருபத்தொன்பது வயசு. அப்பா பீடிக் கம்பெனிக்கு லோடு வண்டி ஓட்டுறாரு. வாயத் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டா. செடிகிட்ட மட்டும் பேசுவா. அவளோட செடிதான் மொத்தம் பன்னெண்டு தொட்டி. பாத்தா வயல்ல புடுங்கி வரப்புல போடுவோமே, அந்த மாதிரிதான் இருக்கும். வாசனை கிடையாது. பூவு எள்ளுப் பொட்டு அளவு, வெள்ளையா. ஆனா அது இந்த உலகத்துலயே ஒரே ஒரு குன்று மேலதான் மொளைச்சுதாம். இப்ப அந்தக் குன்றே இல்லையாம்மா. ரெண்டு வருஷம் முன்னாடி ஜல்லியா உடைச்சு ரோட்டுக்குப் போட்டாச்சு. அதுக்கு முன்னால இவ எப்படியோ நாலு விதைய எடுத்து, எட்டு விதைய எடுத்து, பன்னெண்டு கன்னாக் கொண்டாந்துட்டா. ஒவ்வொரு தொட்டியிலயும் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் எழுதி ஒட்டியிருப்பா. பூ பூத்தா, பொட்டு வைக்கிற குச்சிய விட மெல்லிசா ஒரு பிரஷ்ஷு வச்சு, இந்தப் பூவுல இருந்து அந்தப் பூவுக்கு மகரந்தத்த எடுத்து வைப்பா. மூணு வருஷமா அதுகூடவேதான் குடும்பம் நடத்துறா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தப்பகூட, பூக்கிற நேரம், வர முடியாதுன்னுட்டாளாம்.

பதினொண்ணுல பூ பூத்து உதிந்துருச்சு, காய் புடிக்கல. ஒண்ணாம் நம்பர் தொட்டியில மட்டும் நாலு காய் நின்னுச்சு. மூணு வாரத்துல முத்தி வெடிக்கும், அந்த விதைதான் மேடம் எல்லாமேன்னு என்கிட்ட வந்து சொன்னா. அன்னிக்குத்தான் அவ முதல் தடவையா என் முன்னாடி சிரிச்சுப் பாத்தேன். எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அந்தப் பெங்களூரு அம்மாவுக்கும் யாரோ சொல்லியிருக்காங்க. அவங்க மாநாட்டுக்கு ஒத்துக்கிட்டதே இந்தச் செடியப் பாக்கத்தானாம். பாத்துட்டு, பிடிச்சிருந்தா, இவள அங்க அவங்க ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துக்கிடலாம்னு இருந்தாங்களாம். இதெல்லாம் எனக்குப் பின்னால தெரிஞ்சது. நான் என்ன சொன்னேன்? பன்னெண்டு தொட்டியையும் கொண்டாந்து மேடையோரமா ஒரு மேஜையில வை, எல்லாரும் பாக்கட்டும்னேன். எடுக்க வேண்டாம் மேடம், அசைஞ்சா காய் உதிந்துரும்னா. நான்தான் வற்புறுத்தினேன். உனக்கு ஒரு வெளிச்சம் வேணும்லன்னேன். இது தப்பா? நீங்களே சொல்லுங்க.

பாவூர்சத்திரம் வந்துருச்சா? கொஞ்சம் தொட்டியப் புடிச்சுக்கிடுங்க, இங்க பள்ளமா இருக்கும். ஆங். விட்டுருங்க.

மாநாட்டுக்கு நான் ஒரு புதுமை பண்ணேன். பசுமை மாநாடு. பொன்னாடை கிடையாது. பூங்கொத்து கிடையாது. மேடையில இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் ஒரு தொட்டிச் செடி. எல்லாரும் கை தட்டினாங்க. நர்சரியில இருபத்தஞ்சு சொல்லி வச்சோம். அப்ப அழைப்பிதழ்ல இருபத்தஞ்சு பேருதான். அப்புறம் பேரு ஏறிட்டே போச்சா, செடிய யாரும் நினைக்கல. மாநாட்டு அன்னிக்குக் காலையில எண்ணிப் பாத்தா பன்னெண்டு குறையுது. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. முப்பத்தேழு பேருல பன்னெண்டு பேருக்குக் கொடுக்காம விட்டா அப்புறம் அந்தக் காலேஜ்ல நான் இருக்க முடியுமா?

மேடைக் குழுவுக்கு டேனியல் சார்னு ஒருத்தரு. வந்து மூணு வருஷம்தான் ஆகுது, ஆனா ரொம்பச் சாமர்த்தியம். அவரு ஓடி வந்து, கவலைப்படாதீங்க மேடம், சரியா பன்னெண்டு இருக்கு, நம்பர் வரைக்கும் போட்டு யாரோ ரெடியா வச்சிருக்காங்கன்னாரு. நான் அப்ப வாசல்ல செயலாளர் கார எதிர்பாத்து நிக்கேன். சரி, கடவுளாப் பாத்து அனுப்பியிருக்காருன்னு நினைச்சேன். இருபத்தஞ்சும் பன்னெண்டும் முப்பத்தேழு. ஒண்ணு கூட, குறைய இல்ல.

டேனியல் சார் என்ன நினைச்சிருக்காரு, அந்த நம்பரெல்லாம் மரியாதை வரிசைன்னு நினைச்சிருக்காரு. ஒண்ணாம் நம்பர் தலைமை விருந்தினருக்கு, ரெண்டாம் நம்பர் செயலாளருக்கு, மூணாம் நம்பர் முதல்வருக்கு. அப்படியே பன்னெண்டு முக்கியஸ்தர்களுக்கும் நம்பர் போட்டது. மத்தவங்களுக்கு நர்சரிச் செடி. எங்க காலேஜ்ல யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பாங்க. எதுல நம்பர் போட்டிருந்தாலும் அது யாரு முதல்ல, யாரு அடுத்ததுங்கிறதுக்குத்தான்.

பேராச்சி எங்க இருந்தாளா? வரவேற்புல இருந்தா. நான்தான் நிப்பாட்டினேன். நல்ல பட்டுச் சேலை கட்டிட்டு வந்திருந்தா, பாக்க லட்சணமா இருந்தா. வாசல்ல நின்னு வர்றவங்களுக்குச் சந்தனம், கல்கண்டு கொடும்மான்னேன். மேடம், என் செடிகிட்ட இருக்கணும்னா. செடி எங்க போயிரும், பெரியவங்க வர்ற நேரத்துல நீ முன்னாடி நின்னாத்தானே உன்ன நாலு பேருக்குத் தெரியும்னேன். என் காலத்துல எனக்கு டீ டிரே. இவளுக்கு வெள்ளித் தட்டு, சந்தனம். காலம் எவ்வளவு மாறியிருக்குன்னு பாருங்க.

குத்துவிளக்க ஏழு பேரு ஏத்தினாங்க. அதுக்கே இருபது நிமிஷம். மெழுகுவர்த்தி அணைஞ்சு அணைஞ்சு போச்சு. அப்புறம் வரவேற்புரை, அது நான். முப்பத்தேழு பேரையும் ஒருத்தர் விடாம அவங்கவங்க படிப்பு, பட்டம், சாதனையோட வரவேற்றேன். அப்புறம் தொட்டி கொடுக்கிறது. ஒவ்வொருத்தருக்கும் இன்னொருத்தரு கொடுக்கணும், கொடுக்கிறவரும் வாங்கறவரும் கேமராவப் பாக்கணும். கடைசித் தொட்டி போறப்ப மணி பன்னெண்டே கால். கனகசபாபதி ஐயா பேச எந்திரிச்சாரு. இயற்கையப் பாதுகாக்கணும்னு ரொம்ப உருக்கமாப் பேசிட்டு இருந்தாரு. அப்பதான் இவ உள்ள வந்தா.

கையில சந்தனத் தட்டோட அப்படியே நடு வழியில வாரா. மேஜையப் பாத்தா. காலி. மேடையப் பாத்தா. ஒவ்வொருத்தர் காலடியிலயும் ஒரு தொட்டி. ஒரு தொட்டி மேல எங்க துணை முதல்வர் காலு வேற வச்சிருக்காரு. நானா இருந்தா என்ன பண்ணியிருப்பேன்? அமைதியா இருந்து, சாயங்காலம் பக்குவமாக் கேட்டிருப்பேன். இவ தட்டத் தரையில வச்சுட்டு, நேரா மேடையில ஏறிட்டாம்மா. அறுநூறு பேரு பாக்காங்க. ஐயா மைக்குல பேசிட்டே இருக்காரு. இவ பக்கத்துல போய் நின்னு, "ஐயா, அந்தத் தொட்டிய மட்டும் திருப்பிக் கொடுத்திருங்க, அது என்னோடது"ங்கிறா. மைக்குல கேட்டுருச்சு.

ஐயா பெருந்தன்மையானவரு. கோவிச்சுக்கிடல. சிரிச்சாரு. இந்தப் பொண்ணுக்கு மரம் செடி மேல எவ்வளவு ஆசை பாருங்க, இளைய தலைமுறைன்னா இப்படித்தான் இருக்கணும்னாரு. கொடுத்தத எப்படிம்மா திருப்பிக் கேப்ப, இத நான் என் வீட்டுல வச்சு வளப்பேன், இது எனக்குக் கிடைச்ச கௌரவம்னாரு. எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன். வேற என்ன செய்யச் சொல்றீங்க? அவ கையப் புடிச்சுக் கீழ இறக்கிட்டு வந்தேன். அவ திரும்பித் திரும்பி அந்தத் தொட்டியவே பாத்துட்டு வந்தா. என் வாழ்க்கையில அப்படி ஒரு அவமானம் நான் பட்டதே இல்ல.

அப்புறம் சாப்பாடு. ரெண்டு பாயாசம். இளம் ஆய்வாளர்கள் பேசுறது நாலே முக்காலுக்குத்தான் ஆரம்பிச்சுது. ஆளுக்கு இருபது நிமிஷம்னு இருந்தது, ரெண்டு நிமிஷம்னு ஆக்கினோம். அஞ்சே காலுக்குக் காலேஜ் பஸ்ஸு கிளம்பணும், அத நிப்பாட்ட முடியாது. பாதிப் பேரு வணக்கம் சொல்லித் தலைப்பு வாசிச்சாங்க, மணியடிச்சுட்டோம். பெங்களூரு அம்மா அதுக்கு முன்னாடியே ரயிலுக்குப் போயாச்சு. போறப்ப என்கிட்ட, நான் இன்னிக்கு யாரு பேசினதையும் கேக்கலையேன்னாங்க. முப்பத்தேழு பேரு பேசினாங்களே, அந்த அம்மா காதுல எது விழுந்துச்சோ.

பேராச்சி பேசவே வரல. அவ தொட்டியத் தேடிட்டு இருந்திருக்கா. பெரியவங்க யாரும் வீட்டுக்குக் கொண்டு போகலம்மா. அங்கங்க வச்சுட்டுப் போயிட்டாங்க. மூணு தொட்டி சாப்பாட்டுப் பந்தியில, இலைக்குப் பக்கத்துல. ரெண்டு, கை கழுவுற இடத்துல. ஒண்ணு, கழிப்பறைக் கதவு சாத்தாம இருக்க முட்டுக் கொடுத்து வச்சிருந்துச்சு. பொழுது சாயறதுக்குள்ள பதினொண்ணையும் சேத்துட்டா. உண்மையிலயே மதிச்சு, கார்ல ஏத்தி, வீட்டுக்குக் கொண்டு போனவரு கனகசபாபதி ஐயா ஒருத்தருதான். அதுக்கு நாம நன்றி சொல்லணுமா, வேண்டாமா?

மறுநாள் காலையில எட்டு மணிக்கெல்லாம் என் ரூம் வாசல்ல நிக்கா. மேடம், இன்னிக்கே போயி வாங்கித் தாங்க, நான் கேட்டாக் கொடுக்க மாட்டாங்க, நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்னா. நான் யோசிச்சேன். நேத்துக் கொடுத்தத இன்னிக்குப் போயிக் கேக்கலாமா? நல்லாவா இருக்கும்? ஒரு பத்து நாள் போகட்டும், நானே ஒரு நல்ல செடியா வாங்கிட்டுப் போயி மாத்திட்டு வாரேன்னேன். எனக்கும் அறிக்கை எழுதுற வேலை இருந்துச்சு. நூத்திப் பத்துப் பக்கம், அதுல எண்பது பக்கம் போட்டோ. இளம் ஆய்வாளர் ஊக்குவிப்புங்கிற தலைப்புக்குக் கீழ இவ சந்தனத் தட்டோட நிக்கிற படத்தத்தான் போட்டேன். முழுப் பக்கம்.

அவ காத்திருக்கலம்மா. தினமும் பஸ் ஏறி ஐயா வீட்டு கேட்டுக்குப் போய் நின்னிருக்கா. வாட்ச்மேன் உள்ள விடல. கேட்டு கம்பி வழியா வராந்தாவுல தொட்டி தெரியுமாம். அதப் பாத்துட்டுத் திரும்பி வருவாளாம். தண்ணி ஊத்துறாங்களான்னு மட்டும் பாத்துட்டு வாரேன் மேடம்னா. முந்தாநாள் பெங்களூரு அம்மாகிட்ட இருந்து முதல்வருக்கு ஒரு கடிதம். ஒண்ணாம் நம்பர் செடி பத்திரமா வந்து சேந்துச்சான்னு ஒரே ஒரு வரி. அத அறக்கட்டளைக்கும் அனுப்பியிருக்காங்க. முதல்வர் என்னக் கூப்பிட்டு, நீங்களே போங்க, நீங்களே வாங்குங்க, நீங்களே அந்தப் பொண்ணு கையில கொடுங்கன்னுட்டாரு. நானே போறேன்னு சொன்னப்புறம்தான் அவ அங்க போய் நிக்கிறத விட்டா. இருபத்தாறு வருஷ சர்வீஸ்.

போனேன். ஐயா ஊர்ல இல்ல. அவரு சம்சாரம் காபி கொடுத்தாங்க, தங்கமான மனுஷி. தோட்டக்காரரக் கூப்பிட்டுச் சொன்னாங்க. அவரு தொட்டியக் கழுவித் தொடச்சு, செம்மண் பூசிக் கொண்டாந்து கொடுத்தாரு. பாருங்க, லேபிள்கூட அப்படியே இருக்கு. ஒண்ணு. அவ கையெழுத்து. கிளம்பறப்பவே பேராச்சிக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன், தொட்டி என் கையில இருக்குன்னு. ஸ்டாப்புக்கு வந்து நிக்கேன் மேடம்னா. வெயில் படாம மூட ஈரச் சாக்கு கொண்டாரேன்னா. அழுதாளோ என்னமோ, குரலே சரியில்ல.

என்னம்மா அப்படிப் பாக்கீங்க?

ஆமா. வீட்டுல செடி வளக்கீங்களோ? அதான்.

நித்யகல்யாணிதான். நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? நான் தாவரவியல் துறைத் தலைவர்ம்மா. ரெண்டாம் வருஷப் பிள்ளைகளுக்கு இந்தச் செடியத்தான் வரைஞ்சு காட்டுறேன். அஞ்சு இதழ், இளஞ்சிவப்பு. அந்தத் தோட்டக்காரரு தொட்டியக் கொண்டு வர்றப்ப, இருபதடி தூரத்துலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு.

அவரு பேரு சொரிமுத்து. வயசானவரு, நல்ல மனுஷன். இதுல இருந்த செடி எங்கன்னு கேட்டேன். "தொட்டி நல்ல தொட்டிம்மா, உள்ளதான் வெறும் களையாக் கெடந்துச்சு. நேத்துக் காலைலதான் புடுங்கி ஆட்டுக்குப் போட்டுட்டு, நல்ல செடியா வச்சேன். அய்யாவுக்குக் கொடுத்த தொட்டில்லா"ன்னாரு.

நேத்துக் காலைல. நான் நேத்துக் காலைல அறிக்கைக்கு அட்டைப்படம் தேர்ந்தெடுத்துட்டு இருந்தேன்.

அவரத் திட்ட முடியுமா? அவருக்குத் தெரிஞ்சதச் செஞ்சாரு. டேனியல் சாரத் திட்ட முடியுமா? ஐயாவத் திட்ட முடியுமா? எல்லாரும் மரியாதையாத்தான் நடந்துக்கிட்டாங்க. யாரும் அந்தச் செடிய அவமதிக்கலையே. இதுதான் எனக்குப் புரியல. ஒருத்தரு மேலயும் குத்தம் இல்ல, ஆனா செடி இல்ல.

வாங்கிக்கிட்டு வந்துட்டேன். வேற என்ன செய்ய? காபி கொடுத்த வீட்டுல நின்னு, இது அது இல்லைன்னு சொல்ல வாய் வரல. கிளம்பறப்பவே அவளுக்குப் போனும் பண்ணிட்டேனே. தொட்டி கையில இருக்குன்னு சொன்னேன், அது பொய் இல்ல. திருப்பிப் பண்ணிச் சொல்லலாம்னு பஸ்ஸ்டாண்டுல ரெண்டு தடவ போன எடுத்தேன். ரெண்டு தடவையும் உள்ள வச்சுட்டேன். எனக்குப் பயமா இருக்கும்மா. முதல்வருகிட்ட இல்ல, அறக்கட்டளைகிட்ட இல்ல. அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. அதான் பயமா இருக்கு. தொட்டியப் பாத்துட்டு என்னப் பாப்பா. மதுரையில அன்னிக்கு டிரேயோட நின்னப்ப அதக் கையில கொடுத்தவர நான் ஒரு பார்வை பாத்தேன், அந்த மாதிரி.

எங்க வந்துருக்கோம்? ஐயோ, பாலம் தாண்டிருச்சே. அடுத்தது எங்க ஸ்டாப்புதான்.

ஒரு உதவி செய்வீங்களா? உங்க பேருகூட எனக்குத் தெரியாது. எனக்கு இடுப்பு வேற சரியில்ல, தொட்டிய வச்சுக்கிட்டு இறங்க முடியாது. நீங்க படிக்கட்டு வரைக்கும் போயி அவ கையில கொடுத்துட்டு வந்து உக்காந்துக்கிடுங்க. கண்டக்டர்கிட்ட நான் சொல்றேன், ஒரு நிமிஷம் நிப்பாட்டுவாரு. மேடம் எங்கன்னு கேட்டா, ஆலங்குளத்துலயே வேற வேலையா இறங்கிட்டாங்கன்னு சொல்லிருங்க. நான் அடுத்த ஸ்டாப்புல இறங்கி ஆட்டோவுல வந்துக்கிடுறேன். இல்லன்னா திருநெல்வேலி வரைக்கும் உங்க கூடவே வாரேன்.

இந்தாங்க, இதையும் சேத்துக் கொடுத்திருங்க. அவளோட சர்டிபிகேட். "கட்டுரை வாசித்தமைக்காக"ன்னு போட்டிருக்கு. அவ வாசிக்கல, ஆனா பரவாயில்ல, நானே கையெழுத்துப் போட்டுட்டேன். வேலைக்குப் போற இடத்துல கேப்பாங்க. அதுல ஒரு ஓரமாச் செருகிருங்க, பூவுல படாம.

அந்தா நிக்கா பாருங்க, வேப்பமரத்துக்குக் கீழ. பச்சைச் சுடிதார், கையில சாக்கு. சொட்டச் சொட்ட நனைச்சுக் கொண்டாந்திருக்கா. நான் கொஞ்சம் குனிஞ்சுக்கிடுறேன். பஸ்ஸு ஜன்னலுக்குள்ள தேடுறா. தொட்டியப் பாத்துட்டா. லேபிள் ஜன்னல் பக்கமாத்தான் இருக்கு, பூவு நம்ம பக்கம் சாஞ்சிருக்கு, நம்பர் மட்டும்தான் தெரிஞ்சிருக்கும்.

சிரிக்காம்மா. எந்திரிங்க, பஸ்ஸு நின்னுருச்சு.